நிலவறை இல்லாத வீட்டில் பீர் பாட்டில்களைப் பழுக்க வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

லண்டனில் நான் குடியிருந்த வீடு எதிலும் நிலவறை இருந்ததில்லை. முதலில் ஒரு மேல்மாடி ஃப்ளாட், இப்போது பழைய விக்டோரியன் வீடு ஒன்றின் தரைத்தளத்தில் பாதி. இருந்தும் பத்து வருடமாக பீர் பாட்டில்களை வாங்கி, எடுத்து வைத்து, வருடக்கணக்கில் பழுக்க விட்டுத் திறந்து குடித்து வருகிறேன். "அதற்கெல்லாம் செல்லார் வேண்டுமே" என்று நினைத்து நிறையப் பேர் ஆரம்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். நிலவறை தருவது என்ன? குளிர்ச்சி, இருட்டு, நாளெல்லாம் ஏறி இறங்காத வெப்பநிலை, அவ்வளவுதான். ஒரு தெர்மாமீட்டரும் ஒரு நல்ல பெட்டியும் இருந்தால் இதில் முக்கால்வாசியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிடலாம். ஆனால் எந்த நிலவறையும் தராத ஒன்று இருக்கிறது, அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்: ஒரே பீரை ஆறு பாட்டிலாக வாங்கி, முதல் பாட்டிலை அன்றைக்கே குடிப்பது. கீழே உள்ளதில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஏன் என்பது ஐந்தாம் படியில் வருகிறது.

முதல் படி: எந்த பீர் தாங்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் இருக்கும் பீரில் பெரும்பாலானவை எடுத்து வைப்பதற்குச் செய்யப்பட்டவை இல்லை. லாகர், பில்ஸ்னர், கோதுமை பீர் எல்லாம் சீக்கிரம் குடிக்க வேண்டியவை. ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) தூக்கலான ஐபிஏ வகை அதைவிட மோசம்; ஹாப்ஸின் வாசனைதான் அதன் உயிர், அது சில மாதத்திலேயே போய்விடும், பின்னாலேயே கசப்பும் மழுங்கும், கடைசியில் சப்பென்று ஒரு இனிப்பு மட்டும் மிஞ்சும். விலை கொடுத்து வாங்கிய டபுள் ஐபிஏவை இரண்டு வருடம் கழித்துத் திறந்து வருத்தப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கைந்து பேர் இருக்கிறார்கள்.

தாங்கும் பீரை எப்படிக் கண்டுபிடிப்பது? லேபிளில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதல் சோதனையில் தேறியது. அப்புறம் நிறமும் மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம்): கருத்த, மால்ட் கனமான பீர், அதாவது பார்லி வைன், இம்பீரியல் ஸ்டவுட், ஓல்டு ஏல், பெல்ஜியத்தின் குவாட்ருபெல் போன்றவை, காலத்தைத் தாங்கும். மூன்றாவதாக, பாட்டிலுக்குள்ளேயே உயிருள்ள ஈஸ்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் மெல்லிய படிவு தெரியும், லேபிளிலும் 'பாட்டில் கண்டிஷன்டு' என்று போட்டிருக்கும். அந்த ஈஸ்ட் பாட்டிலில் அடைக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட ஆக்சிஜனில் பெரும்பகுதியைத் தின்றுவிடுவதால் பீர் நல்ல நிலையில் தன் பயணத்தைத் தொடங்குகிறது.

பெயர் சொல்லியே சொல்கிறேன். இங்கிலாந்தில் ஆரம்பிப்பவர்களுக்கு ஃபுல்லர்ஸ் வின்டேஜ் ஏல்தான் என் முதல் சிபாரிசு. 1997 முதல் வருடாவருடம் வருகிறது, 8.5 சதவீதம், லேபிளிலேயே வருடம் இருக்கும். மான்செஸ்டர் ஜே.டபிள்யூ. லீஸின் ஹார்வெஸ்ட் ஏல் 1986-இல் தொடங்கியது, 11.5 சதவீதம், இதுவும் வருடம் போட்டு வருவதுதான். பெல்ஜியத்தில் ஷிமே நீலம் 9 சதவீதம், ரோஷ்ஃபோர் 10-க்கு 11.3 சதவீதம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு சியரா நெவாடா பிக்ஃபுட். இந்த வழக்கத்துக்கே ஒரு முன்னோடி உண்டு: 1968-இல் டார்செஸ்டர் நகரின் எல்ட்ரிட்ஜ் போப் நிறுவனம் வெளியிட்ட தாமஸ் ஹார்டிஸ் ஏல். சரியாக வைத்தால் 25 வருடம் தாங்கும் என்று அதை விற்றார்கள்.

ஆல்கஹால் கணக்குக்கு அடங்காத இரண்டு விதிவிலக்குகள் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தவையும் அவைதான். ஒன்று ஓர்வல், பெல்ஜியத்தில் ஒரு துறவி மடத்தில் செய்யும் பீர். வெறும் 6.2 சதவீதம். ஆனால் பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். சாதாரண ஈஸ்ட்டால் செரிக்க முடியாத சர்க்கரையையும் அது மெதுவாகத் தின்றுகொண்டே இருக்கும், அதனால் மாதத்துக்கு மாதம் பீர் மாறும். மடத்துக்குப் பக்கத்தில் உள்ள அவர்களுடைய உணவகத்திலேயே இளசு, பழசு என்று இரண்டு விதமாக ஓர்வல் கிடைக்கும். இன்னொன்று, பிரஸ்ஸல்ஸும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் தரும் கேஸ் (gueuze) என்ற புளிப்பு பீர்; காற்றில் இருக்கும் காட்டு ஈஸ்ட்டால் தானே நொதிக்கும் லாம்பிக் என்ற பீரில் ஒன்று, இரண்டு, மூன்று வருடப் பழசைக் கலந்து செய்வது. அதன் புளிப்பே அதற்குக் காவல். நல்ல கேஸ் பத்து வருடத்துக்கு மேலும் நிற்கும்.

இரண்டாம் படி: பாட்டில் வாங்குவதற்கு முன் இடத்தைச் சோதியுங்கள்

முதலில் வாங்கவேண்டியது தெர்மாமீட்டர். அதிகபட்சமும் குறைந்தபட்சமும் பதிவாகும் சின்ன டிஜிட்டல் வகை போதும், நீளமான வயரும் அதன் முனையில் உலோகக் குச்சியும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அந்தக் குச்சியை ஒரு பாட்டில் தண்ணீரில் விட்டு, நீங்கள் யோசிக்கும் இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். காற்றின் சூட்டை அளந்தால் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் எண் குதிக்கும். தண்ணீர் பாட்டில் காட்டுவதுதான் உங்கள் பீர் உணரப்போகும் சூடு.

எந்த எண் வந்தால் நல்லது? 10 முதல் 14 டிகிரி செல்சியஸ் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் தேட வேண்டாம். 18 வரை பரவாயில்லை, பீர் கொஞ்சம் வேகமாக முதிரும், அவ்வளவுதான். 20-ஐத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் அந்த இடம் வேண்டாம். ஒரு நாளுக்குள் இரண்டு டிகிரிக்கு மேல் ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே மெல்ல நடக்கும் மாற்றத்தை பீர் பொறுத்துக்கொள்ளும். தினமும் ஹீட்டர் போட்டு அணைக்கும் அறையில் சூடாகும்போது உள்ளே அழுத்தம் கூடி, ஆறும்போது குறைந்து, மூடியின் ரப்பர் பிடிமானம் ஓயாமல் சோதிக்கப்படுகிறது.

லண்டன் வீடுகளில் நான் தேறியதாகக் கண்ட இடங்கள்: படிக்கட்டுக்குக் கீழே உள்ள அலமாரி (வெந்நீர்க் குழாய் அதற்குள் போகாமல் இருந்தால்), வடக்குச் சுவரை ஒட்டிய துணி அலமாரியின் அடித்தட்டு, ஹீட்டர் போடாத படுக்கையறையில் கட்டிலுக்கு அடியில் சுவர் ஓரம். எல்லாவற்றையும்விடச் சிறந்தது, இப்போது நான் வைத்திருக்கும் இடம்: பயன்பாட்டில் இல்லாத பழைய கணப்பு அடுப்பின் குழி. சுற்றிலும் தடித்த செங்கல், கீழே கல், மேலே புகைபோக்கியை அடைத்துவிட்டார்கள். ஜனவரியில் 12, ஆகஸ்டில் 18. முன்னால் ஒரு பலகை சாத்தினால் இருட்டு.

வைக்கவே கூடாத இடங்கள்: சமையலறை, ஃப்ரிட்ஜின் தலைமேல், வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரி, கூரைக்கு அடியில் உள்ள பரண், தோட்டத்துக் கொட்டகை, பால்கனி. கடைசி இரண்டும் குளிர்காலத்தில் ஏமாற்றும். குளிர்ச்சியாக இருக்கிறதே என்று வைப்போம், ஒரு கடும் பனி இரவில் பாட்டிலே உறைந்து மூடி தூக்கிவிடும்.

2022 ஜூலை 19-ஐ நான் மறக்கமாட்டேன். இந்த நாட்டில் முதல்முறையாக 40 டிகிரியைத் தாண்டிய நாள் அது, கோனிங்ஸ்பியில் 40.3 பதிவானது. நான் அப்போது மேல்மாடியில், தட்டைக் கூரைக்கு நேர் கீழே. அலமாரியின் மேல்தட்டில் கார்க் போட்ட பெல்ஜியம் பாட்டில்கள் ஆறு. மாலையில் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் ஈரத்துணியும் உலர்திராட்சையும் கலந்த வாசனை. இரண்டு பாட்டிலில் கம்பிக்கூண்டுக்குள் கார்க் மேலே ஏறி, கழுத்தோரம் பிசுபிசுவென்று ஒழுகி, லேபிள் சுருண்டிருந்தது. மிச்ச நான்கும் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தன. அடுத்த வருடம் திறந்தபோது எல்லாவற்றிலும் நனைந்த அட்டையின் சுவை. அதே அலமாரியின் அடித்தட்டில், தரையை ஒட்டி ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் இருந்த பாட்டில்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டுக்கும் இடையே உயரம் ஒன்றரை மீட்டர், அவ்வளவுதான்.

காரணம் எளிது. பீர் கெடுவதும் முதிர்வதும் வேதிவினைகள். 10 டிகிரி கூடினால் அவற்றின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். ஆனால் எல்லா வினையும் ஒரே அளவு வேகமெடுப்பதில்லை, அதனால் 30 டிகிரியில் மூன்று மாதம் வைத்து, பன்னிரண்டு டிகிரியில் ஒன்றிரண்டு வருடம் வைத்த சுவையைப் பெற முடியாது.

மூன்றாம் படி: இருட்டு

இதில் சமரசமே கிடையாது. வெளிச்சம் ஹாப்ஸின் கசப்புப் பொருளை உடைத்து ஒரு கந்தகச் சேர்மத்தை உண்டாக்கும். கருகிய ரப்பரும் பூண்டும் கலந்தது போல நாறும். தெளிந்த கண்ணாடி பாட்டில் வெயிலில் சில நிமிடம் இருந்தாலே போதும். பச்சைக் கண்ணாடி கொஞ்சம்தான் தேவலாம். பழுப்புக் கண்ணாடி நன்றாகக் காக்கும், ஆனால் வருடக்கணக்கு என்று வரும்போது அதையும் நம்ப வேண்டாம். கடையிலேயே இதைக் கவனியுங்கள். ஒருமுறை ஒரு கடையில் ஜன்னல் ஓர அலங்காரத் தட்டிலிருந்து இரண்டு பாட்டில் கேஸ் வாங்கினேன், பச்சைக் கண்ணாடி, மேலே தூசி. திறந்தபோது மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியவில்லை. அதற்குப் பிறகு, "உள்ளே பெட்டியில் இருப்பதிலிருந்து எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்டுத்தான் வாங்குகிறேன். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்காமல் எடுத்துத் தருவார்.

நான்காம் படி: பெட்டி

மீன் கடையிலும் மருந்து பார்சலிலும் வரும் தடித்த தெர்மோகோல் பெட்டிதான் நான் பயன்படுத்துவது. சுவர் மூன்று நான்கு சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் நல்லது. மீன் பெட்டியாக இருந்தால் சோடா உப்பு போட்டுக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள், வாசனை போகும். அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஏதாவது ஒழுகினால் தரைவிரிப்பு தப்பிக்கும். பாட்டில்களை அட்டைத் தடுப்புக்குள் நிறுத்துங்கள், இடைவெளியில் குழாய்த் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களைச் சொருகுங்கள். இதுதான் முக்கியம். பெட்டிக்குள் எவ்வளவு திரவம் இருக்கிறதோ அவ்வளவு மெதுவாக அதன் சூடு மாறும். பாதி காலியான பெட்டியைவிட நிறைந்த பெட்டி எப்போதும் நிதானமாக இருக்கும், அதனால் ஒரு பீர் பாட்டிலை எடுத்தால் அதன் இடத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைக்கிறேன். ஐஸ் பேக் போடாதீர்கள். குளிர்ந்து சூடாகி, எதைத் தவிர்க்க இந்தப் பாடெல்லாம் படுகிறோமோ அதையே அது கொண்டுவரும்.

நிறுத்தி வைப்பதா, படுக்க வைப்பதா? சோடா மூடி போட்ட பாட்டில்கள் கண்டிப்பாக நின்றபடிதான். ஈஸ்ட் அடியில் சின்ன வட்டமாகப் படியும், ஊற்றும்போது கலங்காது. கார்க் போட்ட பாட்டிலையும் ஐந்து வருடம் வரை நான் நிறுத்தித்தான் வைக்கிறேன். உள்ளே அழுத்தமும் ஈரமும் இருப்பதால் அதற்குள் கார்க் காய்ந்துபோகாது. லாம்பிக் செய்பவர்கள் தங்கள் பாட்டில்களைப் படுக்க வைத்தே அடுக்குவார்கள். நீண்ட காலத்துக்கு வைக்கும் கேஸை மட்டும் நீங்களும் அப்படி வைக்கலாம். மூடிமேல் மெழுகு ஊற்றுவது பற்றிக் கேட்பார்கள். பார்க்க அழகுதான், பலன் சொற்பம்.

ஐந்தாம் படி: ஆறு பாட்டில், ஒரு நோட்டு

ஒரே ஒரு பாட்டிலை வாங்கி ஐந்து வருடம் வைத்தால் என்ன ஆகும்? திறப்பீர்கள், நன்றாக இருக்கும் அல்லது இருக்காது. முன்னால் எப்படி இருந்தது என்று தெரியாததால் அது மேலே போனதா கீழே போனதா என்று சொல்ல வழியில்லை. ஆறு பாட்டிலாக வாங்கினால் கதையே வேறு. முதலாவதை அன்றைக்கே குடித்து எழுதி வையுங்கள். அடுத்தது ஆறு மாதத்தில், அப்புறம் ஒரு வருடம், இரண்டு, மூன்று, ஐந்து. மூன்றாவதிலேயே சுவை இறங்கத் தொடங்கிவிட்டது என்றால் மிச்சத்தை அந்த மாதமே நண்பர்களோடு குடித்துவிடலாம், இழப்பில்லை. ஓர்வலுக்கு மட்டும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்: புதிது, மூன்று மாதம், ஆறு, ஒன்பது, ஒரு வருடம், இரண்டு வருடம். விலையும் குறைவு, மாற்றமும் சீக்கிரம் தெரியும் என்பதால் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஓர்வல் ஆறு பாட்டிலைவிட நல்ல பாடம் இல்லை.

பாட்டிலின் கழுத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி, வாங்கிய தேதி, பாட்டிலில் அடைத்த தேதி தெரிந்தால் அது, திறக்க வேண்டிய மாதம் என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும். நோட்டில் அழகான வார்த்தைகள் தேவையில்லை. நுரை எவ்வளவு நேரம் நின்றது, வாசனையில் முதலில் என்ன வந்தது, கசப்பு எங்கே, முடிவில் இனிப்பா வறட்சியா, இந்த நான்கு வரி போதும்.

உள்ளே என்ன நடக்கிறது

நம் வீட்டுப் பழம்புளியை நினைத்துக்கொள்ளுங்கள். புதுப்புளி செம்பழுப்பாக, கூரிய புளிப்போடு இருக்கும். ஜாடியில் வருடம் கடந்தால் கருத்து, புளிப்பு தணிந்து, ஆழமான ஒரு இனிப்பு வரும். கனமான பீரும் அப்படித்தான் போகிறது. முதல் வருடத்தில் ஆல்கஹாலின் காரமும் ஹாப்ஸின் கூர்மையும் தணியும். இரண்டு மூன்று வருடத்தில் உலர்திராட்சை, பேரீச்சை, தேன், கருப்பட்டியின் சாயல். அதற்கும் மேலே ஷெர்ரி, பாதாம், பழைய தோல் பையின் வாசனை. இதெல்லாம் மூடியின் விளிம்பு வழியே மிக மெதுவாக உள்ளே கசியும் ஆக்சிஜனும், மால்ட்டின் சர்க்கரையும், காலமும் சேர்ந்து செய்யும் வேலை. அதே ஆக்சிஜன் மெல்லிய பீருக்குள் போனால் டிரான்ஸ்-2-நோனெனால் என்ற பொருளின் நெடி, அதாவது நனைந்த அட்டையின் நெடி, முன்னால் வந்து நிற்கும். மறைத்துக்கொள்ள அந்த பீரில் வேறு சுவை கிடையாது.

என் நோட்டிலிருந்து ஒன்று. ஃபுல்லர்ஸ் வின்டேஜ் ஏல், வாங்கிய அன்று: ஆரஞ்சு மார்மலேட், கசப்பு தூக்கல், தொண்டையில் சூடு. ஐந்தாம் வருடம்: நிறம் ஒரு படி கருத்திருக்கிறது, நுரை மெல்லியதாகி ஒரு நிமிடத்தில் விளிம்போடு ஒடுங்கிவிட்டது, மார்மலேட் இருந்த இடத்தில் அத்திப்பழம், கசப்பு கடைசியில் ஒரு நூல் அளவுக்கு மட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் இரண்டாவது வாய் குடித்துவிட்டு, "மச்சான், இது அந்த பீர்தானா?" என்று லேபிளைத் திருப்பிப் பார்த்தான். அன்று மேசையில் அதே பீரின் புது வருடப் பாட்டிலும் இருந்தது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தோம். முடிந்தால் நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

வைன் ஃப்ரிட்ஜ் வாங்கலாமா?

வெயில் ஊரில் இருப்பவர்களுக்கும், வீட்டில் எந்த மூலையும் 20 டிகிரிக்குக் கீழே இறங்காதவர்களுக்கும் வேறு வழி இல்லை, வாங்குங்கள். கம்ப்ரஸர் உள்ளதாகப் பாருங்கள். கம்ப்ரஸர் இல்லாத விலை குறைந்த வகை அறையின் சூட்டிலிருந்து இத்தனை டிகிரிதான் குறைக்கும்; அறை 35 ஆனால் அதால் 12-க்கு வர முடியாது. கண்ணாடிக் கதவாக இருந்தால் உள்பக்கம் கருப்பு அட்டை ஒட்டுங்கள். சாதாரண ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் பீர் கெடாது, ஆனால் முதிர்வதும் ஏறக்குறைய நின்றுபோகும். ஒரு பீர் நல்ல பதத்தில் இருக்கிறது, இன்னும் ஒரு ஆறு மாதம் அப்படியே பிடித்து வைக்க வேண்டும் என்றால் அங்கே வையுங்கள்.

கடைசிப் படி: திறப்பது

இரண்டு நாள் முன்பே பெட்டியிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் நிறுத்துங்கள். ஆடிய ஈஸ்ட் அடங்கட்டும். குடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் 12 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். பழைய பீரை ஜில்லென்று குடித்தால் ஐந்து வருடம் காத்திருந்தது எதுவும் நாக்குக்குத் தெரியாது. மூடியை மெதுவாகத் திறங்கள், கீழே ஒரு கிண்ணம் இருக்கட்டும், ஏனென்றால் சூடு பட்ட பாட்டில்களும் காட்டு ஈஸ்ட் உள்ளவையும் சில நேரம் நுரைத்துப் பொங்கும். வாய் குறுகிய, வயிறு அகன்ற கிளாஸ் நல்லது. பாட்டிலைச் சாய்த்தபடியே நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் ஊற்றி, கடைசி இரண்டு விரல் அளவை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். நிமிர்த்தி நிமிர்த்தி ஊற்றினால் அடியில் இருப்பது கலங்கி மேலே வந்துவிடும்.

முதல் முகர்தலில் அட்டை நெடியோ, சோயா சாஸும் இறைச்சிச் சாறும் கலந்த வாசனையோ தூக்கலாக வந்தால் அந்த பீரின் காலம் முடிந்துவிட்டது. இரண்டாவது, ஈஸ்ட் செத்துச் சிதைந்ததால் வருவது. அப்படி ஒன்று வந்தால் நோட்டில் எழுதிவிட்டு, அதே தொகுதியில் மிச்சம் இருப்பவற்றை அந்த வாரமே திறந்து பாருங்கள். எல்லா பாட்டிலும் ஒரே மாதிரி முதிர்வதில்லை, ஒரு மூடி இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், இன்னொன்று கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

என் கணப்புக் குழியில் இப்போது பதினெட்டு பீர் பாட்டில்களும் ஆறு தண்ணீர் பாட்டில்களும் இருக்கின்றன. அந்த 2022 வெயிலில் அடித்தட்டில் தப்பிய ஷிமே நீலத்தில் கடைசி ஒன்று வரும் டிசம்பருக்கு. கழுத்து டேப்பில் மாதம் எழுதியிருக்கிறது, அதோடு சேர்த்துக் குடிக்க இந்த வருடத்துப் பாட்டில் ஒன்றும் வாங்கி வைத்துவிட்டேன்.